பனி தள்ளுகிறவன்

லெந்துக்கு முந்தின ஞாயிறு
அல்லேலூயாவைப் புதைப்பது எங்கள் சபையில் வழக்கம்.
பிள்ளைகள்தான் புதைப்பார்கள்.
பிள்ளைகள் என்றால், இப்போது ஆர்வோ ஒருவன்.
ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை.

துணியில் தைத்த அந்த ஒரே சொல்லை
மடித்துப் பழைய மீன்பெட்டிக்குள் வைத்தார்கள்.
ஈஸ்டர் மட்டும் யாரும் அதைப் பாடக்கூடாது, உச்சரிக்கவும் கூடாது.
பீடத்தின் அடியில் வை என்றார் பாஸ்டர் ஹில்கா.
புதைப்பதென்றால் புதைப்பதுதானே என்று
அவன் வெளியே ஓடி
வண்டிகள் நிற்கும் முற்றத்தின் ஓரம்
பனியில் குழி பறித்துவிட்டான்.

அன்றிரவு சுப்பீரியர் ஏரி
பதினெட்டு அங்குலம் கொட்டியது.
விடிகாலை நாலே கால்.
என் வண்டித் தகட்டில் ஏதோ இடித்து, முறிந்தது.
இருபத்தாறு வருஷமாகப் பனி தள்ளுகிறேன்,
மரம் முறியும் சத்தம் எனக்குத் தெரியும்.
நிறுத்தவில்லை.
இன்னும் மூன்று தெரு, ஆஸ்பத்திரி வாசல் பாக்கி.
காப்பி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

சாம்பல் புதனன்று ஆர்வோ கேட்டான்,
நெற்றியில் கரிச்சிலுவை கலைந்து மூக்குவரை வழிந்திருந்தது:
ஒரு பெட்டி பார்த்தீர்களா?
இல்லையே, என்றேன்.

அடுத்த புதன் வெர்னா கேட்டாள்,
பட்டாணி சூப்பை என் கிண்ணத்தில் ஊற்றியபடி.
அவள் முறை வந்தால் உப்பு இருக்காது;
அதுவும் ஒரு தபசு என்று விழுங்குவோம்.
பெட்டியா? எந்தப் பெட்டி? என்றேன்.

அதற்கடுத்த வாரம் பையனின் தாய் தொலைபேசியில்.
இரவெல்லாம் அழுகிறான்,
தான் தொலைத்ததால் இந்த வருஷம் ஈஸ்டர் வராது என்கிறான்.
பாவம், என்றேன். நிஜமாகவே பாவமாக இருந்தது.
நான் பார்க்கவில்லை அம்மா, என்றேன்.

சேவல் எதுவும் கூவவில்லை.
இந்த ஊரில் யாரும் சேவல் வளர்ப்பதில்லை.
குளிர்பெட்டியின் மோட்டார் மட்டும்
ஒருதரம் இருமி அடங்கியது.

ஐந்தாம் புதன் கோவிலில் வெப்ப உலை நின்றுபோய்
பதினோரு பேரும் சமையலறையில் கூடினோம்.
அடுப்பில் நாலு பர்னரும் எரிய,
மாவு ஒட்டிய மேஜைமேல் வேதப்புத்தகம்.
பேதுருவைப் பற்றிப் பிரசங்கம்.
பயத்தில் பொய் சொன்னான் என்று நாம் நினைக்கிறோம், என்றார் பாஸ்டர்.
எனக்கென்னவோ, அவனுக்குக் குளிர்.
உண்மையைச் சொன்னால்
நெருப்புப் பக்கத்து இடம் போய்விடும்.
அவ்வளவுதான்.
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். அவருக்கு ஜலதோஷம்.
நான் அடுப்புக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்திருந்தேன்.
நாற்காலியைப் பின்னால் தள்ளவும் கூச்சமாக இருந்தது,
யாராவது கவனித்துவிட்டால்?

பெரிய வெள்ளி இரவு.
ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு மெழுகுவர்த்தி அணையும்.
கடைசிச் சுடரும் போனபின்
இருட்டில் யாரோ புத்தகத்தை ஓங்கி மூடுவார்கள்,
கல்லறை அடைபட்டதற்கு அடையாளமாக.
வருஷா வருஷம் கேட்ட சத்தம்தான்.
இந்தமுறை
அது விடிகாலை நாலே காலுக்குக் கேட்டது.

ஆசீர்வாதம் கிடையாது, கைகுலுக்கல் கிடையாது,
பேசாமல் கலைந்து போகவேண்டும்.
எல்லா வண்டியும் போனபின்
நான் மண்வெட்டியை எடுத்தேன்.
ஆறு வாரமாக நானே தள்ளிச் சேர்த்த பனிமேடு,
இரண்டு ஆள் உயரம், மேலே கறுத்து உள்ளே கல்லாகி.
ஒரு மணி நேரத்தில் கிடைத்தவை:
இடதுகைக் கையுறை ஒன்று,
பாட்டெண் பலகையிலிருந்து விழுந்த நாலு,
யாருடையதோ காது வளையம்.

பின்னால் காலடி.
அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு
கையில் இன்னொரு மண்வெட்டியோடு பாஸ்டர் ஹில்கா.
ஒன்றும் கேட்கவில்லை.
நான் வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் ஆவிதான் வந்தது.

கிழக்கே தோண்டு, என்றார்.
உன் வண்டி எப்போதும் அந்தப் பக்கம்தான் தள்ளும்.
என் ஜன்னல் இங்கேதானே இருக்கிறது.

தோண்டினோம்.
பதினொன்றரைக்கு மறுபடி பொடிப்பனி விழ ஆரம்பித்தது.
நாலு மணிக்கு நான் வண்டி எடுக்கவேண்டும்.