நாலு எம்.பி., கொஞ்சம் கூட

கெம்சி துறையில் ஒன்பதாவது நாளாக மழை.
கோபுரத்துக்குப் போகும் கம்பி எங்கோ அறுந்துவிட்டது.
தீவுகள் அவரவர் பாட்டுக்குக் கிடக்கின்றன.
ஊருக்கு அது பழுது.
எனக்குச் சோதனைக்கூடம்.

எல்லாரும் எடுத்துக்கொள்ளும் ரன்டைம்
நூற்றி நாற்பது எம்.பி.
ஒரு பிரவுசரை முழுசாக விழுங்கி
நகர முடியாமல் கிடக்கும் மலைப்பாம்பு.
உலிசெஸின் பழைய போனில் ஏற்றினால்
அடுப்புக்கல் போல் சுட்டு அணைந்துவிடும்.
அவனுக்கு வேண்டியதெல்லாம்
எத்தனை கயிறு சிப்பி,
யார் எடுத்தது,
யாருக்கு எவ்வளவு பாக்கி.

வெட்ட ஆரம்பித்தேன்.
சன்னல் வரையும் பகுதி போயிற்று.
ஒலி போயிற்று, எழுத்துரு போயிற்று,
எதற்கென்றே தெரியாமல் எல்லாரும் சுமக்கும்
பதினேழு நூலகங்கள் போயின.
மிஞ்சியது
கட்டளையை வரிவரியாகப் படிக்கும் ஒரு சின்ன மூளை,
சேர்க்கலாம் அழிக்க முடியாது என்றொரு பேரேடு,
"யாராவது இருக்கீங்களா" என்று
காற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு வாய்.

கடிகாரத்தையும் எடுத்தேன்.
அது தப்பு.
இரண்டு போன்கள் மேசைமேல் ராத்திரி முழுக்க
நான்தான் முன்னால், நான்தான் முன்னால் என்றன.
விடியும்போது புரிந்தது:
மணி என்ன என்று கேட்கக் கூடாது,
இதைச் சொல்லும் முன்
யார் சொன்னதைக் கேட்டிருந்தாய் என்று கேட்க வேண்டும்.
பதினோரு வரி எழுதினேன். சண்டை நின்றது.

கம்பி வரும் முன்பே
உலிசெஸ் போனைக் கடலில் போட்டான்.
நனைந்த தொப்பியோடு வந்து நின்றான்.
"இரண்டு மாசக் கணக்கு, யஸ்னா."
சாவிச்சொற்கள் பன்னிரண்டும்
அவன் மனைவியின் சமையல் நோட்டில்,
உருளைக்கிழங்கு ரொட்டிக்குக் கீழே இருந்தன.
வேறொரு ஓட்டைப் போனில் ஏற்றி
பாலத்தடியில் காத்திருந்தோம்.

பால்தொமெரோவின் படகு வந்தது.
உலிசெஸின் மச்சான்.
ஒரு நங்கூரத்துக்காக இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
இன்றைக்கும் கடலைப் பார்த்துத்தான் நின்றான்.

போனில் வரிகள் ஊற ஆரம்பித்தன.
மார்ச் நாலு, பன்னிரண்டு கயிறு.
மார்ச் ஐந்து, மழை, வேலையில்லை.
போன வியாழன் வரை
அத்தனையும்.

"யாரிடமிருந்து?"
தாடையால் காட்டினேன்.
ஜலசந்தியில் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்த ஒவ்வொரு தடவையும்
பைக்குள் இருந்தவை
பேசிக்கொண்டிருந்திருக்கின்றன.

உலிசெஸ் வெகுநேரம் திரையைத் தேய்த்தான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"நான் அவனுக்குத் தர வேண்டியதும் இதில் இருக்குமா?"
"இருக்கும்."
"அந்த வரியை மட்டும்..."
"முடியாது."

சிரித்தானா இருமினானா தெரியவில்லை.
பால்தொமெரோ கரையில் யாருக்கோ எறிந்த கயிறு
இவன் பக்கம் விழுந்தது.
பிடித்தான். கட்டினான். போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தேன்.
நாலு புள்ளி மூன்று.
அந்தப் புள்ளி மூன்று
எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.