பின்னாலிருந்து எண்ணுதல்

ஜூன் ஏழுக்குள் மழை வந்துவிடும் என்கிறார்கள்.
ஊசி போட்ட உடம்பு விழித்துக்கொள்ள
இரண்டு வாரம் பிடிக்கும்.
அப்படியானால் மே இருபது கடைசி.
அதற்கு முன் மருந்து வர வேண்டும்,
அதற்கும் முன் ஆர்டர் போக வேண்டும்.
செம்பூர் இல்லத்தின் இரண்டாம் மாடியில்
பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன்.
இன்றைய தேதியில் வந்து முட்டுகிறது.

போன ஆண்டின் பட்டியலையே நகலெடுத்தேன்,
அதுதான் சுலபம் என்று.
எட்டாம் கட்டில், ஹிங்கோரானி. வரிசையை நீக்கினேன்.
கீழே இருந்த அத்தனை பேரும்
ஓரெண் மேலே ஏறிக்கொண்டார்கள்.
இருபத்தொன்று, மிஸ் தாருவாலா. நீக்கினேன்.
திரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
இப்படி ஏழு முறை.

போன ஆண்டு இருமல் வந்தது ஜூலை நான்கில்.
ஊசி வந்தது ஜூலை பதினொன்றில்.
ஆர்டர் போட்டவள் நான்.

குளிர்பெட்டி இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும்.
காலையும் மாலையும் குறித்துவைக்க
ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
திறந்து பார்த்தால் நடுத்தட்டில் இட்லி மாவு,
பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு.
யாருடையது என்று நர்ஸ் ஜின்ஸி சத்தம் போட்டாள்.
எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
என்னுடையதுதான்.

மகன்களுக்கு மின்னஞ்சல், மகள்களுக்கு வாட்ஸ்அப்.
டொராண்டோவில் நீல டிக், பதில் இல்லை.
டோம்பிவிலியில் நீல டிக்கும் இல்லை.
நியூஜெர்சிக்காரர் ஒருவர்
பக்க விளைவுகள் பற்றி ஒன்பது பக்கம் அனுப்பியிருக்கிறார்.
கடைசி வரியில்,
அப்பாவுக்கு இப்போது என்ன வயது என்று
என்னிடம் கேட்டிருக்கிறார்.

முப்பத்துநான்காம் கட்டில், பாட்டண்கர்.
மகளின் கையெழுத்து வந்துவிட்டது.
"கை என்னுடையது" என்றார் மராத்தியில்,
போர்வைக்குள் அதை இழுத்துக்கொண்டு.
ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர்.
தான் பச்சை காட்டாமல்
ஒரு வண்டியும் நகர்ந்ததில்லையாம்.
'மறுத்தார்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு,
'வியாழன், தேநீருக்குப் பிறகு கேட்க' என்று எழுதினேன்.
வியாழனும் மறுத்தால் மறுத்ததுதான்.

கட்டில் ஐம்பத்தெட்டு, ஊழியர் இருபத்தேழு.
எண்பத்தைந்து என்று கூட்டி
அனுப்பு பொத்தானுக்குப் போன விரல்
அங்கேயே நின்றது.

இரவு இரண்டு மணிக்கு
ஒவ்வொரு கட்டிலின் மீதும் குனிகிறவள்,
ஈரத்துணி மாற்றி, முதுகைத் திருப்பி,
முகத்துக்கு முகம் மூச்சு விடுகிறவள்,
சகுந்தலா கெய்க்வாட்.
மான்குர்திலிருந்து லோக்கலில்
நூறு பேர் இருமலோடு நெருக்கி வந்து இறங்குகிறவள்.
பட்டியலில் இல்லை.
அவளைப் போல ஆறு பேர் இல்லை.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன்.
வேலை செய்வது உங்கள் இடத்தில்தானே என்றார்கள்.
மேலாளரிடம் போனேன்.
சம்பளம் கொடுப்பது ஏஜென்சிதானே என்றார்.
இரண்டு கதவுகளுக்கு நடுவில்
ஆறு தோள்கள்.

இரவு ஷிப்ட் தொடங்கும்வரை காத்திருந்து
சகுந்தலாவையே கேட்டேன்: ஊசி போட்டுக்கொள்வாயா?
வாளியைக் கீழே வைத்தாள்.
வலிக்குமா என்று கேட்கவில்லை,
எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை.
"மறுநாள் காய்ச்சல் வந்து படுத்துட்டா
அந்த நாள் கூலி யாரு தருவாங்க?"

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
ஒவ்வாமைக்குக் கட்டம் இருக்கிறது,
முட்டை ஒத்துக்கொள்ளுமா என்பதற்கும் இருக்கிறது.
இதற்கு இல்லை.
ஸ்கேல் கிடைக்கவில்லை.
பழைய கேஸ் ஷீட்டின் விளிம்பை வைத்து
ஒரு கோடு இழுத்தேன், கொஞ்சம் கோணலாக.
மேலே எழுதினேன்: கூலி.
யார் கொடுப்பது என்பதை நாளை மேலாளர் அறையில்
உட்கார்ந்து கேட்பேன். நின்றுகொண்டல்ல.

தொண்ணூற்றொன்று.
அனுப்பினேன்.

இட்லி மாவை வெளியே எடுத்தேன்.
புளித்துவிட்டது.
ஆறரை டிகிரி.
நோட்டில் குறித்தேன்.