ரோட்னி அதை உடைக்கப் பார்த்த குளிர்காலம்

எதிர்வீட்டு வேய்னுக்கு நவம்பரிலேயே வந்துவிட்டது
ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தட்டு.
உட்கார்ந்தால் சுழலும்.
சரிவில் இறங்கும்போது ஸ்ஸ் என்றொரு சத்தம்,
சோடா பாட்டில் திறந்ததுபோல.

எங்களிடம் இருந்தது
அப்பா எட்டு வயதில் ஏறிய வண்டி.
ஆஷ் மரப் பலகைகள் ஐந்து,
அடியில் இரண்டு எஃகுக் கால்கள்,
திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குச் சட்டம்.
ஒருகாலத்தில் சிவப்பு என்பதற்கு
ஆணித் தலைகளின் ஓரம் மட்டும் சாட்சி.

"அது உடைந்தால் வேறு வாங்கலாம்"
என்றார் அப்பா,
செய்தித்தாளிலிருந்து தலை எடுக்காமல்.
சொல்லியிருக்கக் கூடாது.

என் தம்பி அதை
ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டான்.

முதலில் சவுனாக் கூரை.
ஏணி வைத்து ஏற்றி, தலைக்குமேல் தூக்கி,
கீழே போட்டான்.
மெத்தையில் குதித்த பூனைபோல் இறங்கியது வண்டி.
எங்கள் ஊரில் எதையும் உடைக்கப் பனி விடாது.
டிசம்பரில் ஜன்னல்வரை அதுதான்.

பிறகு பழைய செப்புச் சுரங்கத்தின் கழிவுமேடு.
கல் துருத்திக்கொண்டிருக்கும் பக்கமாகப் பார்த்து
வயிற்றில் படுத்து விட்டான் ஒரு விடு.
உடைந்தது.
முன்பல்.
அம்மா அதைப் பாலில் போட்டுக்கொண்டு
மருத்துவரிடம் ஓடினாள்.
பால்பல் இல்லை அது.
வண்டியில் ஒரு கீறல், அதுவும்
முன்பே இருந்ததோ என்னவோ.

ஜனவரியில் யோசித்துச் செய்தான்.
கவுண்டியின் பனிவாரி லாரியை ஓட்டுபவர் எங்கள் அப்பாதான்.
விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் தெருவுக்கு வருவார்.
மூன்றே முக்காலுக்குக் காலுறையோடு வெளியே போய்
தெரு நடுவில் வண்டியை வைத்துவிட்டு வந்தான்.
போர்வைக்குள் இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.
மஞ்சள் விளக்கு கூரையில் சுற்றியது.
இரும்பு எதையோ மென்றது.
லாரி நிற்கவில்லை.
ஓட்டியவர் பார்த்தாரா என்று
இன்றுவரை நான் கேட்டதில்லை.

"வண்டி எங்கே?" காலைக் காப்பியோடு அப்பா.
"உடைந்திருக்கும்."
"துண்டைக் காட்டு."
காட்டத் துண்டு இல்லை.
"காணாமல் போனது
உடைந்த கணக்கில் வராது" என்று
ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

ஆக, அந்தக் குளிர்காலம் முழுக்க
ஓட்டைப் பல்லோடு வேலியில் நின்று
வேய்ன் சுழல்வதைப் பார்த்தான் ரோட்னி.

பிப்ரவரி மூன்றாம் வாரம்,
ஏரிக்காற்றில் மூச்சே உடையும் குளிர்.
வேய்ன் உட்கார்ந்தான்,
தட்டு இரண்டானது.
ஒரு பாதியில் இன்னும் விலைச்சீட்டு.
ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொண்டு
அட்டைப்பெட்டிப் பையன்களோடு சேர்ந்து
இருவரும் சறுக்கினார்கள்.
சண்டை ஒன்றும் இல்லை.

மே மாதம், திருமதி லாக்சோவின் தபால்பெட்டியருகே
அழுக்குப் பனிமேடு இளைத்தது.
ஒருநாள் ஒரு கயிற்று நுனி.
மறுநாள் துருப்பிடித்த ஒரு கால்.
ஞாயிற்றுக்கிழமை முழு வண்டியும்
தண்ணீர் சொட்டச் சொட்டப் படுத்திருந்தது,
நடுப்பலகையில் லாரி அலகு கடித்த பிறைத்தழும்போடு.
ஐந்து பலகையும் இருந்தன.
எண்ணியவன் அவன்தான்.

ஓங்கி ஓர் உதை விட்டான்.
கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு
அதன்மேலேயே உட்கார்ந்தான்.
தெருவில் துளிப் பனி இல்லை. சேறு.
வேய்ன் வந்து, எதுவும் கேட்காமல்,
கயிற்றை எடுத்து இழுத்தான்.
சேற்றிலும் போனது அது,
நாலு அடி.

இப்போது ரோட்னிக்கு ஐம்பத்துநாலு.
பொய்ப்பல் பொருத்தமாக இருக்கிறது.
போன சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில்
அவன் மகள் டெல்லா,
காற்றடைத்த சறுக்குக்குழாய் ஒன்று வேண்டும்,
நீலத்தில், இரண்டு கைப்பிடியோடு, என்றாள்.
அவன் கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தான்.
"அது உடைந்..." என்று வாயெடுத்தான்.

மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.
அதே கட்டைவிரல்.

டெல்லா ஏற்கெனவே
ஜன்னல் வழியே
சவுனாக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.