வெள்ளி, நான்கு ஐம்பத்திரண்டு

போஹும் நகரில் நவம்பர்.
நான்கரைக்கே ஜன்னல்கள் கறுத்துவிடுகின்றன.
ஐந்தாம் தளத்தில் எங்கள் வகுப்பு
எந்தத் துறைக்கும் சொந்தமில்லை.
அதனால் வெப்பமூட்டியைப் பழுதுபார்க்கவும் ஆளில்லை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறோம்.
சட்டம் படிக்கும் நூர்ஜான், உளவியல் திலோ,
மொழியியலிலிருந்து மாரிட்,
சங்கேதக் கணிதத்திலிருந்து நான்.

இன்றைய பாடம் நாங்கள் போட்ட தூண்டில்.
சம்பளப் பிரிவுக்கு அனுப்பிய பொய் மடலை
நாற்பத்தொரு பேர் திறந்தார்கள்.
ஒருவர் மட்டும் கடவுச்சொல்லைத் தட்டினார்.
அவரே வந்திருக்கிறார்,
யாரும் அழைக்காமல்,
மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு,
திருமதி ஓஸ்டர்காம்ப்.

‘மனிதத் தவறு’ என்று பலகையில் எழுதினேன்.
என் துறையில் அத்தோடு கணக்கு முடிந்துவிடும்.

“அப்போது மணி என்ன?” என்றான் திலோ.
வெள்ளி, நான்கு ஐம்பத்திரண்டு.
ஐந்துக்குக் குழந்தைகள் காப்பகம் பூட்டிவிடுவார்கள்.
“இந்தச் சோதனைக்கு அனுமதி தந்தது யார்?”
நூர்ஜான் கேட்டதும்
எல்லோரும் மேசையைப் பார்த்தோம்.
மாரிட் மடலை உரக்கப் படித்தாள்.

“‘உங்கள் உழைப்புக்கு நன்றி’ என்று தொடங்கியது,”
என்றார் திருமதி ஓஸ்டர்காம்ப்.
“பதினேழு வருடத்தில்
அலுவலக மடல் ஒன்று அப்படித் தொடங்கியதே இல்லை.
எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.”

அந்த வரியை எழுதியது நான்.
எலிப்பொறிக்கு ஒரு மசால்வடை,
அவ்வளவுதான் நினைத்தேன்.

என் நோட்டில் ஒரு பூட்டு இருக்கிறது.
உலகத்துக் கணினிகளெல்லாம் சேர்ந்து உலுக்கினாலும்
சூரியன் அணையும்வரை திறக்காது என்று
மூன்று பக்கத்தில் கணக்குப் போட்டிருக்கிறேன்.
ஒரு நன்றிக்குத் திறந்துகொள்ளும் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்த ஊருக்கு அடியில்
கரி வெட்டி எடுத்த வெற்றிடங்கள்.
மேலே எப்போதாவது ஒரு வீட்டுச் சுவர் விரிசல் விடும்.
சுவரை யாரும் திட்டுவதில்லை,
சுரங்க வரைபடத்தைத் தேடுகிறார்கள்.

இடைவேளையில் மாரிட் கேட்டாள்,
உன் மொழியில் இதற்கு என்ன சொல்?
கடவுச்சொல். கடந்துபோக விடும் சொல்.
“எங்களுடையதில் ‘அறிதல்’ இருக்கிறது,” என்றாள்,
“யாரை அறிகிறோமோ.”

நான்கு நாற்பதுக்குத் திருமதி ஓஸ்டர்காம்ப் எழுந்து போனார்.
பலகையைத் துடைத்தேன்.
அழியாத மை. யாரோ பேனாவை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

கதவு தட்டும் சத்தம்.
மறந்துபோன குடைக்காகத் திரும்பி வந்திருந்தார்.
அட்டையைக் கேட்காமல் திறந்துவிட்டேன்.
விதிப்படி அதுவும் தவறு.
அந்த விதியை எழுதியவர்களின் பட்டியலில்
என் பெயரும் இருக்கிறது.