விளக்கு ஆடவில்லை

இந்த ஊரில் தரை நகர்ந்தால்
முதலில் அண்ணாந்து விளக்கைப் பார்ப்போம்.
ஆடினால் பூமி.
ஆடாவிட்டால் நீ.

ஜூன் மாதக் குளிர், விடியற்காலை மூன்று மணி,
மூத்திரம் முட்ட எழுந்தேன்.
கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே ஒன்பது எட்டு.
ஐந்தாவது எட்டில்
வால்பரைசோ முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது.
கன்னத்தில் தரையின் சில்லிப்பு ஏறக் கிடந்தபடி
விளக்கைப் பார்த்தேன்.
நூலளவும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது,
அடுத்த வீட்டுச் சண்டையை
வேடிக்கை பார்ப்பவன் மாதிரி.

முப்பத்திரண்டு வருடம்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான்.
காற்றில் ஆடும் கூண்டில் உட்கார்ந்து
அந்தரத்தில் ரொட்டி தின்றவன்.
ஒரு பெட்டியும் என் கையில் விழுந்ததில்லை.
ஒன்று விழுந்தது.
அதில் வெறும் செருப்புகள்,
கணக்கில் சேர்க்காதீர்கள்.

"வயசாயிடுச்சு, பெலார்மினோ இனிமே இப்படித்தான்"
என்று ரொட்டிக்கடை வரைக்கும் போய்ச்
சொல்லிவிட்டு வந்தாள் அக்கா ஒத்தீலியா.
விலாவில் ஒரு விரிசல்.
சிரித்தால் வலித்தது, அதனால்
அவள் பேச்சுக்குச் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை
நூற்றுப் பதினாறு படியும் ஏறி
மூச்சிரைக்க வந்தாள் நர்ஸ் யஸ்னா.
"இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் மேசையில கொட்டுங்க."
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன்.
படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள்,
நிற்க வைத்துப் பார்த்தாள்.
இரண்டு எண்களுக்கும் இடையில்
ஒரு படிக்கட்டையே காணோம்.

அழுத்தத்துக்கு வெள்ளை மாத்திரை.
இன்னொரு டாக்டர் தந்த மஞ்சளும் அதே மாத்திரைதான்,
பேர் மட்டும் வேறு.
ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து
இரண்டு கூலி வாங்குவான், துறைமுகத்தில்.
அவனைக் கண்டுபிடித்த எனக்கு
இவனைத் தெரியவில்லை.
நீர் பிரிய ஒன்று, ராத்திரி விழுங்குவது.
"ராத்திரி எழுப்பி விடுறதே இதுதான்,
டாக்டர்கிட்ட பேசிட்டு
காலைக்கு மாத்திக்கலாம்" என்றாள்.

"தூக்கத்துக்கு ஏதாவது?"
"ஒண்ணுமில்ல."
சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

மிரேயா செத்த குளிர்காலத்திலிருந்து
தினமும் தேநீர்த் தட்டின் ஓரத்தில்
அரை மாத்திரை வரும்.
அக்காவுக்கு எழுதித் தந்ததில் பாதி.
நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.
எங்கள் வீட்டில் அன்பு
அவ்வளவுதான் சத்தம் போடும்.

யஸ்னா திட்டியிருந்தால்
பொய்யைக் கடைசிவரை காப்பாற்றியிருப்பேன்.
அவள் கேட்டதெல்லாம்
"எத்தனை நாளா?"

சட்டென்று நிறுத்தக் கூடாதாம்.
டாக்டர் எழுதித் தந்த கணக்குப்படி
பாதியில் பாதி,
அப்புறம் அதிலும் ஒரு பொடி.
சவரப் பிளேடால் மாத்திரை வெட்டும்
எழுபத்தெட்டு வயதுக்காரனை நினைத்துப் பாருங்கள்.
அந்த வாரங்களில் தூக்கம் வரவில்லை.
நாய்கள் குரைத்து ஓய்ந்த பிறகு
கப்பல்கள் ஊதுவதை எண்ணினேன்.
அவளும் தூங்கவில்லை.
இரண்டு பேரும் சமையலறையில் சீட்டாடினோம்.
ஏமாற்றுகிறாள்.
அறுபது வருடமாக ஏமாற்றுகிறாள் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி.
எழுந்து உடனே நிற்காமல்,
சொல்லித் தந்தபடி
கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டு
இருபது வரை எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்றில் தரை நகர்ந்தது.

வயிறு பிசைந்தது.
அண்ணாந்தேன்.

ஆடியது விளக்கு!
நன்றாக, தாராளமாக,
கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுக்க,
மலை முழுக்க நாய்கள் கத்த
ஆடியது.

"ஒத்தீலியா! நான் இல்ல!
நான் இல்லடீ, பூமி!"
விலா வலிக்கச் சிரித்துக்கொண்டு
கத்தினேன்.

பக்கத்து அறையிலிருந்து பதில் வந்தது:
"சந்தோஷம்.
செருப்ப மாட்டிக்கிட்டு
கதவுகிட்ட வந்து நில்லு."