வேற வரி

களக்காட்டில் உரக்கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
எந்த ஃபைலைத் திறந்தாலும் பூச்சிமருந்து மணக்கும்.
ஜூலை இருபத்தொன்பது.
ஆடிக்காற்று ஷட்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

மஞ்சப்பை இரண்டோடு படியேறினாள் மாவடி மாடத்தி.
நாலுவழிச்சாலைக்குப் போன நாற்பது சென்ட்
பதினாலு லட்சமாகி பேங்கில் கிடக்கிறது.
அதன் வட்டியில் கைவைத்து
ஒன்பதாயிரத்து எண்ணூறு பிடித்துவிட்டார்கள்.

பிடித்ததைத் திரும்ப வாங்கலாம் என்றேன்.
ஏப்ரலிலேயே ஒரு பாரம் எழுதிக் கொடுத்திருந்தால்
பிடித்தே இருக்க மாட்டார்கள்.
"லாக்கர் வேணுமா இன்சூரன்ஸ் வேணுமான்னு
நாலு தரம் கேட்ட மேனேஜரு
இத மட்டும் சொல்லலியே ஜெபக்கனி."

வாழைக்கு வரி கிடையாது.
ஆனாலும் வரவு செலவைக் காட்டவேண்டும்.
பையைக் கவிழ்த்தாள்.
தீர்வை ரசீது. ஏத்தங்கன்று ஆயிரத்து இருநூறு வாங்கிய சீட்டு.
கல்யாணப் பத்திரிகையின் முதுகில் மண் அணைத்த கூலி.
கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் அட்டை மூன்று,
மூன்றிலும் அதே சங்கிலி;
கழுத்தில் கிடந்ததைவிட
அடகில் கிடந்த நாள் கூடுதல்.
அப்புறம் ஒரு சிவப்புத் துண்டுச்சீட்டு:
சுடலைமாடன் கோயில் கொடை, தலைக்கட்டு வரி, ரெண்டாயிரம்.

"வரின்னுதான போட்டிருக்கு, கழிச்சிக்கிடலாம்லா?"
அது வேற வரிம்மா.
"வரியில என்ன வேற?
குடுக்காட்டி ரெண்டு பேரும் விடமாட்டாவ."

திரையில் ஒரு கட்டம் வரும்.
'கடந்த எட்டு ஆண்டுகளில்
ஈடுசெய்யப்படாத விவசாய இழப்பு.'
எல்லாருக்கும் பூஜ்யம் தட்டிவிட்டுப் போகிற இடம்.
அன்றைக்கு என்னவோ வாய்விட்டு வாசித்துவிட்டேன்.

"நம்ம நட்டத்துக்கும் ஒரு கட்டம் வச்சிருக்கானா?"
நாற்காலியை இழுத்துப் போட்டு
சுண்டுவிரலிலிருந்து மடக்க ஆரம்பித்தாள்.
குலை தள்ளின எழுநூறு மரம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது.
ஊரடங்கில் மலையாள லாரி வராமல் பழுத்தது.
வாடல் நோய்.
மடைத் தகராறில் தண்ணீர் பதினெட்டு நாள் தாமதம்.
கிலோ ஒன்பது ரூபாய்க்குப் போனபோது வெட்டுக்கூலிகூட மிஞ்சாதது.
நான் நடுவில் கேட்டேன், ரசீது இருக்கா?
"சாஞ்ச வாழைக்கு எவன் ரசீது போடுவான்?"

எட்டு விரல் மடங்கியாயிற்று.
நின்றவை கட்டைவிரல் இரண்டும்.
"இதுக்கு?"
எட்டுக்கு மேல் கிடையாதும்மா.
இடது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.
"இத வச்சிதான் கொழுந்தனுக்கு ஜாமீன் போட்டேன்.
அவன் திருப்பூருக்குப் போயிட்டான்.
அதுக்குப் பெறவுதான் கையெழுத்துப் படிச்சேன்."

ஓடிபி மஸ்கட்டில் இருக்கும் மகன் போனுக்குப் போனது.
அவனுக்கு டூட்டி நேரம்.
மூன்றாவது தடவை எண் வந்தபோது கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்ட இரண்டு நிமிடத்துக்குள்
அனுப்பிவிட்டேன்.
எழுதத் தோதான நட்டம் மூன்று வருடத்துக்குத்தான் தேறியது.

ஐந்நூறு பீஸ். நானூறு தந்தாள்.
"நீயும் ரசீது போடு."
அடுத்த ஏப்ரலுக்கு அந்த பாரத்தில் இரண்டு வாங்கி
ஒன்றை மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.
இன்னொன்று யாருக்கென்று சொல்லவில்லை.

புரட்டாசியில் போன் வந்தது.
பணம் ஏறிவிட்டதாம்.
சவுக்குக் கம்பு நூற்றுத்தொண்ணூறு இறக்கிவிட்டாளாம்.
மிச்சத்தில் தபால் ஆபீசில் கணக்கு,
மாதம் ஐந்நூறு.
மகன் கல்யாணத்துக்கா என்றேன்.

"அவன் சம்பாதிக்கான், அவன் பாத்துக்கிடுவான்.
இது காத்துக்கு.
வருசம் தவறாம வந்து வாங்கிட்டுப் போறவன்,
அவனுக்கும் கொஞ்சம் முன்கூட்டியே கட்டி வைக்கேன்."

மறுபக்கம் வாழை இலைகள் கிழிபடும் சத்தம்.
சிக்னல் போய்விட்டது.