பீப்பாய்க்குள் ஒரு மணி

எங்கள் நாட்டில் வாக்கு என்பது
ஒரு கோலிக்குண்டு.
விடியற்காலை வரிசையில் வாங்கினால்
உள்ளங்கையில் குளிரும்.

திரைக்குப் பின்னால் மூன்று பீப்பாய்.
மஞ்சள், சாம்பல், ஊதா.
குழாயில் குண்டைப் போட்டால்
உள்ளே மணி அடிக்கும்,
ஒரே முறை.
இரண்டாவது சத்தம் எழாதிருக்க
அடியில் மரத்தூள் பரப்புவது என் வேலை.
மாலையில் எண்ணுவதும் என் வேலை.
ஃபராஃபென்னி, சந்தைப் பள்ளிச் சாவடி,
பெயர் தேனெங் சோவே.

வாக்களிக்கும் நாளில்
சைக்கிள் மணிக்குத் தடை.
தெருவில் ஒருவன் கிணிங் என்றால்
உள்ளே எவன் இரண்டு போட்டான் என்று
கட்சிக்காரர்கள் சட்டையைப் பிடிப்பார்கள்.
அதனால் முந்தின இரவே என் தம்பி யோரோ
தன் மணியைக் கழற்றி
என் கைப்பைக்குள் போட்டான்.
"நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.
மாடுகளுக்கு நான் வருவது தெரிய வேண்டும்."

எண்ணும் பலகையில் இருநூறு குழி.
குழிக்கு ஒரு குண்டு.
கள்ளக் குண்டு உட்கார இடமில்லை.
மஞ்சளுக்கு ஒரு பலகைகூட நிரம்பவில்லை.
சாம்பலுக்கு மூன்றாவது பலகை கேட்டு
பக்கத்துச் சாவடிக்கு ஆள் அனுப்பினோம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
மஞ்சள் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை;
ரூபாய் நோட்டில், பள்ளிச் சுவரில், அரிசி மூட்டையில்
அவர் முகம்தான்.

மூன்று நாள் வானொலியில் பாட்டு மட்டும்.
நான்காம் நாள் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமி,
எண்ணியவர்கள் தப்பாக எண்ணிவிட்டார்கள் என்றார்.

எண்ணியது நான்.
அதற்கு முன் எதையும் எண்ணிப் பார்க்காமல்
இருந்தவளும் நான்தான்.

பிறகு அக்கம்பக்கத்து அதிபர்கள் வந்தார்கள்.
நான்கு விமானம், ஒரே கம்பளம்.
தன் நாட்டுத் தேர்தலை இருமுறை தள்ளிப்போட்டவர்தான்
ஜனநாயகம் என்ற சொல்லை அதிகம் உச்சரித்தார்.
அத்தாயா தேநீர் எங்களிடம் மூன்று சுற்று;
முதல் சுற்று கசக்கும், பொறுத்தவருக்கே சர்க்கரை.
அவர்கள் முதல் கோப்பையோடு எழுந்துவிட்டார்கள்.
கூட்டறிக்கையில் 'கவலை' ஐந்து இடத்தில் இருந்தது.
வரைவில் 'கண்டனம்' என்று இருந்ததாம்,
பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழியில்
ஆற்றில் விழுந்துவிட்டதாம்.
படகுக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லைக்கு அப்பால் டாங்கிகள் வந்து நின்றன.
எங்களுக்காகவா, எங்கள் மேலா
என்று யாரும் சொல்லவில்லை.
வெங்காய லாரிகள் வரிசையிலேயே அழுகின.
நம்பர் இல்லாத வண்டி ஒன்று
சாவடி அதிகாரிகளின் வீடு வீடாய் ஏறி இறங்கியது.
எங்கள் தலைமை அதிகாரியின் செருப்பு மட்டும்
வாசலில் இருந்தது.

நான் குதிரை வண்டியில் ஏறினேன்.
மெத்தைகள், ஒரு தையல் இயந்திரம், ஆடு.

ஒரு வெள்ளைக்காரன் ஆற்றை எடுத்துக்கொண்டு
மேட்டு நிலத்தை இன்னொருவனுக்கு விட்டான்.
அதனால்தான் சோதனைச் சாவடிக் காவலர் ஜாத்தா
என் மொழியிலேயே கேட்டுவிட்டு
பிரெஞ்சில் எழுதினார்.
"தொழில்?"
"எண்ணுவது."
"எதை?"
பதில் சொல்லாமல் பையைத் திறந்து காட்டினேன்.
சீப்பு, அடையாள அட்டை,
துணியில் சுற்றிய சைக்கிள் மணி.

புரட்டிப் பார்த்தார்.
குழந்தையைப் போல நெம்பினார்.
கிணிங்.

வரிசை முழுவதும் பேச்சை நிறுத்தியது.
தலையில் மெத்தையோடு நின்ற ஒருத்தி,
பின்னாலிருந்து,
"யாருக்குப் போட்டாய்?" என்று கத்தினாள்.
யார் முதலில் சிரித்தது தெரியாது.
ஜாத்தாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை;
அவர் நாட்டில் வாக்கு காகிதம்.
முத்திரையைக் குத்தினார்.
மரத்தூளில் குண்டு விழுந்தது போல
சத்தமே இல்லை.

யோரோ இன்னும் அந்தப் பக்கம்தான்.
மணியில்லாத சைக்கிளில்
மாடுகளுக்கு
வாயாலேயே கிணிங் சொல்லிக்கொண்டு.